21 வருஷம் லைசன்ஸ் கட்டினேன். நாகர்கோவிலில் இருந்து பிபிசி பார்க்க எனக்கு உரிமை இல்லையா?

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 21 வருஷம் அரசு மருத்துவமனைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போன வருஷம் கணவருடன் நாகர்கோவிலுக்கே திரும்பிவிட்டார். லெஸ்டர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். அந்த முகவரிக்கான டிவி லைசன்ஸ் கட்டணம் (பிரிட்டனில் தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் கட்டுவது, பிபிசி முக்கியமாக நடப்பது அதில்தான்) மட்டும் அவர் கணக்கிலிருந்து மாதாமாதம் டைரக்ட் டெபிட்டில் போய்க்கொண்டிருக்கிறது. அதை அவர் நிறுத்தவில்லை. பிபிசியின் நிகழ்ச்சிகளை இணையத்தில் பார்க்கும் தளமான ஐபிளேயரைத் தொடர்ந்து பார்க்க அதுவே தனக்கு உரிமை தருகிறது என்று நம்பியிருக்கிறார். பழைய போஸ்ட்கோடு உள்ள கணக்கில் நுழைந்து, எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதை மறைக்கும் இலவச விபிஎன் செயலி ஒன்றைப் போட்டு, தோட்டக்கலை நிகழ்ச்சியும் மருத்துவமனைத் தொடரும் பார்த்து வந்தார். விம்பிள்டன் சமயத்தில் திரையில் 'இது பிரிட்டனில் மட்டுமே' என்ற செய்தி வந்து நின்றுவிட்டது.

கணினித் துறையில் இருக்கும் அண்ணன் மகன், "அத்தை, இது குற்றம், போலீஸ் கேஸ் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். லெஸ்டரில் இருக்கும் மகனோ, "அம்மா, 21 வருஷம் பணம் கட்டியிருக்கிறாய், அது உன் உரிமை. வேண்டுமானால் என் லைசன்ஸில் பார்" என்கிறார். "தூர்தர்ஷன் உலகத்தில் யாரையும் தடுப்பதில்லையே? மக்கள் பணத்தில் நடக்கும் தொலைக்காட்சியை வெளிநாட்டில் இருப்பவர்கள் இலவசமாகப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

போலீஸ் வரும் என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். அண்ணன் மகன் சொன்னது அளவுக்கு மீறியது. ஆனால் மகன் சொல்வதும் சட்டப்படி நிற்காது. அதைவிட முக்கியம், உங்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் போகும் பணம் உங்களுக்கு எந்த உரிமையையும் தரவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

லைசன்ஸ் ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு

பிரிட்டனின் 2003ஆம் ஆண்டு தகவல் தொடர்புச் சட்டம், 363ஆம் பிரிவு, லைசன்ஸ் இல்லாமல் தொலைக்காட்சி பார்ப்பதைக் குற்றமாக்குகிறது. அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம். 2016 செப்டம்பர் 1 முதல் ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் லைசன்ஸ் வேண்டும். அந்த லைசன்ஸ் ஒரு முகவரிக்குத் தரப்படுவது. பெயர் உங்களுடையதாக இருந்தாலும் அது காப்பது லெஸ்டரில் இருக்கும் அந்த வீட்டில் நடக்கும் பார்வையைத்தான். இப்போது அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் தொலைக்காட்சி பார்த்தால் லைசன்ஸ் அவர்கள் பொறுப்பு. நாகர்கோவில் வீட்டுக்கு பிரிட்டிஷ் லைசன்ஸ் வாங்கவே முடியாது. 2025 ஏப்ரலில் அந்தக் கட்டணம் வருஷத்துக்கு 174.50 பவுண்டாக இருந்தது. பென்ஷனில் இருக்கும் ஒருவருக்கு இது சின்னத் தொகை அல்ல.

மகனின் லைசன்ஸும் அப்படித்தான். அவர் வீட்டுக்கு நீங்கள் போய் இருக்கும்போது அங்கே தாராளமாகப் பார்க்கலாம், அது உங்களையும் சேர்த்துக் காக்கும். நீங்கள் இங்கே இருக்கும்போது அது உங்களைத் தொடராது.

"21 வருஷம் கட்டினேனே" என்பதில் இருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த நாட்டின் நோயாளிகளை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட ஒருவரிடம் 'நீங்கள் வெளியாள்' என்று ஒரு திரை சொல்வது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கட்டணம் சேமிப்பாக எங்கேயும் ஏறவில்லை. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2006இல் அதை வரி என்றே வகைப்படுத்தியது. நம் ஊரில் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஊரை விட்டுப் போன பிறகு, இத்தனை வருஷம் கட்டினேன் என்று சொல்லி நூலகப் புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்ல முடியாதல்லவா? நீங்கள் கட்டியது அந்தந்த வருஷத்துக்கானது. அதன் பயனை அந்தந்த வருஷமே பெற்றுவிட்டீர்கள்.

குற்றமா, விதிமீறலா?

மூன்று அடுக்காகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பிரிட்டனின் லைசன்ஸ் சட்டம். நாகர்கோவிலில் உட்கார்ந்து பார்ப்பதற்கு அந்தச் சட்டத்தில் உங்கள் மேல் வழக்கு வராது. அது பிரிட்டன் மண்ணில் நடக்கும் பார்வைக்கானது.

இரண்டாவது, பிபிசியின் பயன்பாட்டு விதிகள். ஐபிளேயர் பிரிட்டனுக்குள் மட்டும் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நீங்கள் பழைய போஸ்ட்கோடை வைத்துக்கொண்டு, 'உங்களிடம் லைசன்ஸ் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்தியிருக்கிறீர்கள். தெரியாமல் செய்தது சரி. இனித் தெரிந்தே செய்தால் அது பொய் உறுதிமொழி. நடைமுறையில் இதன் விளைவு கணக்கை முடக்குவதோடு நின்றுவிடும். ஆனாலும் என்னிடம் ஆலோசனை கேட்கும் ஒருவருக்குப் பொய் எழுதச் சொல்லித் தர என்னால் முடியாது.

மூன்றாவது, நம் நாட்டுச் சட்டம். இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவது மட்டுமே குற்றம் ஆகாது. அலுவலக வேலைக்கு லட்சக்கணக்கானவர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இருக்கிறது. பதிப்புரிமையைக் காக்கப் போட்ட தொழில்நுட்பப் பூட்டை, அந்த உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 வருஷம் வரை சிறையும் அபராதமும் என்கிறது அது. நாடு பார்த்துத் தடுப்பது அந்த வகைப் பூட்டுதானா, வீட்டில் ஒரு தொடரைப் பார்ப்பது உரிமை மீறும் நோக்கமா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். தனியாக வீட்டில் தோட்டக்கலை நிகழ்ச்சி பார்த்த ஒருவர் மேல் இந்தப் பிரிவைப் பாய்ச்சுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதே நேரம் 'சுத்தமாகச் சட்டப்படியானது' என்று கையெழுத்துப் போட்டுத் தரவும் மாட்டேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் போட்டிருக்கும் அந்த இலவச விபிஎன். அதே போனில்தானே பென்ஷன் வரும் வங்கிக் கணக்கும் இருக்கிறது? உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அந்த நிறுவனத்தின் கை வழியாகத்தான் போகிறது. பிரபலமான ஓர் இலவச விபிஎன், பயனர்களின் இணைய இணைப்பையே வேறு ஆட்களுக்கு வாடகைக்கு விட்டு வந்தது 2015இல் வெளியே வந்தது. அப்படியானால் முன்பின் தெரியாத ஒருவர் செய்யும் காரியம் உங்கள் வீட்டு இணைப்பின் பெயரில் பதிவாகும். சட்டத்தைவிட இதற்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். தயவுசெய்து இன்றைக்கே அதை நீக்கிவிட்டு, வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

பூட்டு ஏன் போடுகிறார்கள்?

'யாருக்கு என்ன நஷ்டம்' என்று கேட்டீர்கள். பொதுப் பணத்தில் எடுத்த நிகழ்ச்சி என்றால் அது முழுக்கப் பொதுச் சொத்து என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் அது உண்மையில்லை.

பிபிசியில் வரும் நாடகங்களில் கணிசமானவற்றைத் தனித் தயாரிப்பு நிறுவனங்கள் எடுக்கின்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த ஒப்பந்த முறைப்படி வெளிநாட்டு உரிமை பொதுவாகத் தயாரிப்பாளரிடமே இருக்கிறது. பிபிசி கொடுக்கும் பணம் பிரிட்டனுக்குள் காட்டுவதற்கு. மீதிச் செலவைத் தயாரிப்பாளர் வெளிநாட்டு விற்பனையில்தான் எடுக்கிறார். நடிகர், எழுத்தாளர், இசைக்கலைஞர் ஆகியோரின் ஊதிய ஒப்பந்தங்களும் எந்த நாட்டில் காட்டுகிறோம் என்பதை வைத்தே எழுதப்படுகின்றன. நாளைக்கே ஐபிளேயரை உலகம் முழுக்கத் திறந்துவிட்டால் அந்த விற்பனை நின்றுவிடும், அடுத்த நிகழ்ச்சிக்கான பணம் குறையும். குறைந்த பணத்தை ஈடுகட்ட வேண்டியது யார்? லெஸ்டரில் நீங்கள் கவனித்துக்கொண்ட அதே மனிதர்கள்தான். 2020 ஆகஸ்டிலிருந்து 75 வயது தாண்டியவர்களுக்கும் அங்கே லைசன்ஸ் இலவசம் இல்லை. வருமானம் மிகக் குறைந்து பென்ஷன் கிரெடிட் என்ற உதவி பெறுபவர்களுக்கு மட்டும்தான் இலவசம்.

விம்பிள்டன் இன்னும் எளிது. அந்தப் போட்டியின் உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. இந்திய உரிமையைப் பணம் கொடுத்து வாங்கிய நிறுவனம் இங்கே இருக்கிறது. பிபிசி நினைத்தாலும் அதை உங்களுக்குத் தர முடியாது.

தூர்தர்ஷனும் இந்த விஷயத்தில் விதிவிலக்கு அல்ல. உங்கள் சின்ன வயதில் ரேடியோ லைசன்ஸைப் புதுப்பிக்க வீட்டில் யாராவது போஸ்ட் ஆபீஸ் போய் வந்தது நினைவிருக்கலாம். 1980களின் நடுவில் அது ஒழிந்தது. இப்போது தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி முக்கியமாக மத்திய அரசின் மானியத்தில் ஓடுகிறது. சொந்தமாக எடுத்த செய்தி, கச்சேரி, நாடகம் எல்லாவற்றையும் யூடியூபில் தாராளமாகப் போடுகிறது, நல்ல காரியம். ஆனால் கிரிக்கெட் என்று வந்தால்? 2007இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டப்படி முக்கியப் போட்டிகள் தூர்தர்ஷனுக்கும் கிடைக்கின்றன. அவற்றை அது தன் தரைவழி ஒளிபரப்பிலும் டிடி ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம், தனியார் கேபிள் வழியாகக் காட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. சொந்த நாட்டுக்குள்ளேயே, அதே சேனலில், பக்கத்து வீட்டில் வரும் மேட்ச் உங்கள் வீட்டு கேபிளில் வராமல் போவதற்கு இதுதான் காரணம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் பூட்ட வேண்டுமா?

இல்லை. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

செய்தியைப் பூட்டக் கூடாது. ஒரு நாடு பொதுப் பணத்தில் நேர்மையான செய்தி தயாரித்தால், எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையைப் போர்க்காலத்தில் ஈழத்து மக்கள் எப்படிக் கேட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி அந்தக் கரண்டில் ரேடியோ கேட்டார்கள். யார் எங்கே இருக்கிறார், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று அறிய அது ஒரு வழியாக இருந்தது. அவர்களில் யாரும் பிரிட்டிஷ் லைசன்ஸ் கட்டியவர்கள் அல்ல. அவர்களிடம் கட்டணம் கேட்டிருந்தால் அந்தச் சேவைக்கே அர்த்தம் இருந்திருக்காது.

ஆனால் இந்த வரலாற்றின் இன்னொரு பாதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2014 வரை, தமிழோசையும் அடங்கிய பிபிசி உலக சேவைக்கு பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் பணம் கொடுத்தது. அந்த வருஷம் ஏப்ரலில் செலவு லைசன்ஸ் கட்டணத்தின் தலையில் விழுந்தது. பிறகு அரசு மானியம் ஓரளவு திரும்பி வந்தது. 2017 ஏப்ரலோடு தமிழோசை வானொலி நின்றது, இணையத்தில் மட்டும் தமிழ்ச் சேவை தொடர்கிறது. இலவசமாகக் கேட்டவர்கள் எத்தனை பேர் வருந்தினாலும், அதை நிறுத்தும் முடிவில் அவர்களுக்கு ஒரு குரலும் இல்லை. வெளிநாட்டு நேயருக்கான சேவைக்கு உள்நாட்டு வீடுகள் கட்டும் கட்டணத்தைவிட அரசின் வெளியுறவுப் பணமே நியாயமான ஊற்று என்று நான் கருதுவது இதனால்தான். லெஸ்டர் பென்ஷன்காரரையும் நாகர்கோவில் வாசகரையும் ஒருவருக்கு எதிராக ஒருவரை நிறுத்தக் கூடாது.

நாடகம், பொழுதுபோக்கு விஷயத்தில் இலவசம் கேட்பது நியாயமில்லை. ஆனால் பணம் கொடுத்துப் பார்க்கத் தயாராக இருப்பவருக்கும் ஐபிளேயரின் கதவு திறக்காது என்பதும் நியாயமில்லை. அந்தக் கதவு ஒரு காலத்தில் இருந்தது. 2011இல் மேற்கு ஐரோப்பாவில் சந்தா கட்டிப் பார்க்கும் உலக ஐபிளேயர் தொடங்கினார்கள், 2015இல் மூடிவிட்டார்கள். பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளுக்கென்றே இருக்கும் பிரிட்பாக்ஸ் தளம் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் உண்டு, இந்தியாவில் இல்லை. போக்கும் இப்போது இறுகிக்கொண்டு வருகிறது. 2025 ஜூலையில் வானொலி நிகழ்ச்சிகள் கேட்கும் பிபிசி சவுண்ட்ஸ் செயலியை வெளிநாட்டினருக்கு நிறுத்தினார்கள். அதற்கு முந்தின மாதம் அமெரிக்க வாசகர்களுக்கு இணையதளத்திலேயே சந்தா வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நடுவழி கண்டது. சொந்த நாட்டில் சந்தா கட்டியவர் பயணத்தில் இருக்கும்போது இன்னொரு உறுப்பு நாட்டிலும் பார்க்கலாம் என்ற விதி 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதுவும் தற்காலிகப் பயணத்துக்கு மட்டும்தான். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவருக்குப் பொருந்தாது, பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு வந்துவிட்டது. ஜெர்மனியின் பொது ஒளிபரப்பு நிறுவனங்களான ஏஆர்டி, இசட்டிஎஃப் தாங்களே எடுத்த பல நிகழ்ச்சிகளை வெளிநாட்டிலும் திறந்தே வைத்திருக்கின்றன. விலைக்கு வாங்கிய படங்களையும் விளையாட்டையும் மட்டும் தடுக்கின்றன. எனக்கு இது ஒழுங்கான எல்லைக்கோடாகப் படுகிறது. முழு உரிமையும் தன் கையில் இருப்பதைத் திறந்துவிடு, அடுத்தவர் உரிமை கலந்திருப்பதை விலைக்குக் கொடு. பிபிசியிடம் நான் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான்.

நீங்கள் செய்யக்கூடியவை

முறையாகப் பார்க்கும் வழிகள் கொஞ்சம் இருக்கின்றன. பிபிசியின் இயற்கை நிகழ்ச்சிகள் பலவற்றின் பகுதிகளை அவர்களே யூடியூபில் போடுகிறார்கள். அவர்களுடைய தொடர்கள் இந்தியாவில் உள்ள சந்தா தளங்களில் அவ்வப்போது வருகின்றன. உங்கள் மருத்துவமனைத் தொடரின் பெயரைப் போட்டு அங்கே தேடிப் பாருங்கள். அப்புறம், லெஸ்டருக்கு மகன் வீட்டுக்குப் போகும்போது ஐபிளேயர் செயலியில் தரவிறக்கிய நிகழ்ச்சிகளைத் திரும்பி வந்த பிறகும் பார்க்கலாம். பிபிசியே இதை அனுமதிக்கிறது. பொதுவாக 30 நாள் வரை போனில் இருக்கும்.

குரல் கொடுக்க ஆசை இருந்தால் அதற்கும் இது சரியான நேரம். பிபிசி எப்படி நடக்க வேண்டும் என்பதை வகுக்கும் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அடுத்த சாசனத்தில் கட்டணம், வெளிநாட்டுச் சேவை எல்லாமே புதிதாக முடிவாகும். நீங்கள் பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. எடுத்திருந்தால் ஒரு நல்ல செய்தி. வெளிநாட்டில் வாழும் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு முன்பு இருந்த 15 வருஷ வரம்பு 2024 ஜனவரியில் நீங்கிவிட்டது. கடைசியாகப் பதிவு செய்திருந்த லெஸ்டர் தொகுதியிலேயே வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம். அந்தத் தொகுதியின் எம்.பி. உங்கள் எம்.பி. 'இலவசம் வேண்டும்' என்று எழுதினால் ஒரு வரிப் பதில் வரும். 'கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறேன், இந்தியாவில் ஐபிளேயர் பார்க்க எனக்கு ஏன் வழி இல்லை?' என்று எழுதுங்கள், அதற்கு அவர்கள் பதில் யோசித்துத்தான் ஆக வேண்டும். இந்தியக் குடியுரிமையிலேயே இருந்தால் இந்த வாக்கு வராது. ஆனால் சாசனம் பற்றி அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது யார் வேண்டுமானாலும் எழுதலாம், மகனையும் எழுதச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அந்த லைசன்ஸை ரத்து செய்யுங்கள். டிவி லைசன்சிங் இணையதளத்தில் லைசன்ஸ் எண், குடும்பப் பெயர், போஸ்ட்கோடு மூன்றும் கொடுத்தால் போதும். நீங்கள் வீட்டைக் காலி செய்த தேதியையும், இனி பிரிட்டனில் வசிக்கவில்லை என்பதையும் குறிப்பிடுங்கள். பயன்படாமல் போன மாதங்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். வாடகை ஒப்பந்தத்தின் நகல், பயணத் தேதி தெரியும் பாஸ்போர்ட் பக்கம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள், ஆதாரம் கேட்டால் உதவும். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் லைசன்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவர்கள் சொந்தமாக வாங்காமல் இருந்தால், அந்த 1,000 பவுண்டு அபராதம் அவர்கள் தலையில்தான் விழும். ரத்தானதற்கான உறுதிக் கடிதம் வந்த பிறகு வங்கியில் டைரக்ட் டெபிட்டை நிறுத்துங்கள். முதலிலேயே நிறுத்தினால் பணம் பாக்கி என்று பழைய முகவரிக்கு நினைவூட்டல்கள் போக ஆரம்பிக்கும்.